எந்த ஊர் உம்மா?

அந்த வெள்ளிக்கிழமை என் கடைக்குள் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினார்கள் என்று எழுதுகிறேனே தவிர, யாரும் அவள்மேல் கை வைக்கவில்லை. நாலைந்து ஆண்கள் அரை வட்டமாக நின்று ஓர் எட்டு ஓர் எட்டாக முன்னே வந்தால், நடுவில் நிற்பவள் பின்னே போய்த்தானே ஆக வேண்டும். அப்படிப் பின்னே வந்தே அவள் என் கடைப் படியில் ஏறிவிட்டாள்.

கறுப்பு அபாயா, கறுப்பு நிகாப், வெளியே தெரிவது கண் மட்டும். ஒரு கையில் சீலைப் பை. மற்றக் கையால் நிகாபின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் மெஷினில் இருந்தேன். தைத்துக்கொண்டிருந்ததும் ஒரு நிகாப்தான்.

“றாத்தா, இந்த ஆள உள்ளுக்குக் கூட்டிட்டுப் போய் முகத்தப் பாருங்க” என்றார் மஜீது காக்கா.

“என்னத்துக்கு?”

“ஆம்புளயா பொம்புளயா எண்டு தெரியோணும்.”

தொடரை இடையில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்முனை பஸாரில் எனக்கு அபாயா தைத்து விற்கும் கடை இருக்கிறது. அந்த வரிசையில் பெண் நடத்தும் கடை அது ஒன்றுதான். பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் மஜீது காக்கா. நல்ல மனிதர், ஆனால் எதையும் துருவாமல் விடமாட்டார். அவரிடம் ஆணி வாங்கப் போனால்கூட எந்தச் சுவரில் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை வருகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை காலை என்றால் கடைத்தெருவுக்கு வேறு முகம். ஜும்மாவுக்குக் கடைகளைப் பூட்டும் முன் ஸதக்கா என்ற தர்மக் காசு வாங்க ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு கடையிலும் மேசை ஓரத்தில் ஒரு பால்மா டின் இருக்கும். வியாழன் பின்னேரமே நோட்டைக் குற்றிக் காசாக மாற்றி அதில் போட்டு வைத்துவிடுவோம். வருகிறவர் கேட்க வேண்டியதில்லை, ஸலாம் சொன்னால் போதும். கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் “மாப் பண்ணுங்க” என்று நாங்கள்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இங்குள்ள வழக்கம்.

முன்பெல்லாம் வந்தவர்களுக்கு முகமும் பெயரும் இருந்தன. பச்சைத் தலைப்பாகை கட்டிய பாவா ஒருவர் வருவார். சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே நுழைந்து, தைத்து மடித்து வைத்த துணிகளுக்கெல்லாம் புகை காட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவார். மறுநாள் வரை கடைக்குள் அந்த வாசம் நிற்கும். அவர் வாங்கியது பிச்சையா கூலியா என்று நான் யோசித்ததே இல்லை.

பிறகு கறுப்பு உடுத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நாட்டில் முகத்தை மூடக் கூடாதென்று தடை வந்த காலத்தில் காணாமல் போனார்கள். தடை நீங்கியதும் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். சாமான் விலை ஏறிய பிறகு சொல்லவே வேண்டாம். யார் எவர், உண்மையா நடிப்பா, ஒன்றும் தெரியாது. ஒரு கை, இரண்டு கண், அவ்வளவுதான்.

என் கணவர் எல்லாருக்கும் கொடுப்பார். “குடுக்கிறது எங்கட வேல. பொய்யா மெய்யா எண்டு பாக்கிறது அல்லாஹ்ட வேல. ரெண்டு வேலயையும் நீ ஏன்கா செய்ற?” என்பார். எனக்கு அப்படி முடியாது. காசை விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பேன். “எந்த ஊர் உம்மா?”

சொல்கிற ஊருக்குப் போய் நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனாலும் கேட்பேன். கேட்காமல் கொடுத்தால் ஏமாந்துபோனது போல் இருக்கும். சிலர் பொத்துவில் என்பார்கள், சிலர் இறக்காமம் என்பார்கள், சிலர் போன வாரம் சொன்ன ஊரை மறந்து வேறு ஊர் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் காசைக் கொடுத்துவிடுவேன். வியாபாரிதானே நான், பதிலுக்கு ஏதாவது வாங்காமல் கொடுக்க மனம் வராது.

என் கடையைத் தவிர்த்தவள்

அந்தப் பெண்களில் ஒருத்தி என் கடைக்கு மட்டும் வருவதில்லை. மஜீது காக்காவின் கடையில் வாங்குவாள். பிறகு ரோட்டில் இறங்கி, என் கடை வாசலைக் கடந்து, அப்பால் இருக்கும் பேக்கரியில் ஏறுவாள். முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. வாரம் தவறாமல் இது நடந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இது என்ன கூத்து, எல்லார் காசும் செல்லும், என் காசு மட்டும் செல்லாதா?

“உன்ட கேள்விக்குப் பயந்து போறா போல” என்றார் கணவர். அவருக்கு இதில் ஒரு சந்தோசம்.

மஜீது காக்காவும் இதைக் கவனித்திருக்கிறார். அந்த நாட்களில் ஒரு கதை உலாவியது. ஏதோ ஓர் ஊரில் ஆண் ஒருவன் அபாயா உடுத்துப் பிச்சை எடுத்துப் பிடிபட்டானாம். எந்த ஊர் என்று கேட்டால் இங்கே அக்கரைப்பற்று என்றார்கள். அக்கரைப்பற்றில் கேட்டால் கல்முனை என்றிருப்பார்கள். கேட்டவர்கள் ஆயிரம் பேர், கண்டவர் ஒருவரும் இல்லை.

மஜீது காக்கா கணக்குப் போட்டார். ஆண்கள் இருக்கும் கடைக்கெல்லாம் போகிற ஆள், பெண் இருக்கும் கடையைக் கண்டால் ஏன் ஒதுங்க வேண்டும்? பெண்ணின் கண்ணுக்கு வேசம் தெரிந்துவிடும் என்ற பயம்தானே? அன்று என் கடைக்கு முன்னால் வைத்து அவளை மறித்து, வாய் திறந்து ஸலாம் சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. பேக்கரிக்காரரும் இன்னும் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள்.

கணக்கில் பிழை இல்லை. விடைதான் பிழை என்று சற்று நேரத்தில் எனக்குத் தெரிந்தது.

திரைக்குப் பின்னால்

உடுத்துப் பார்ப்பதற்குக் கடையின் பின்பக்கம் சின்னதாக ஓர் இடம் உண்டு. ஒரு கண்ணாடி, ஒரு கதிரை, மறைக்க ஒரு திரை. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். திரையை இழுத்துவிட்டுத் திரும்பியபோது அவளுடைய கைவிளிம்பு கண்ணில் பட்டது. மணிக்கட்டில் இரட்டைத் தையல். துணி கழுவிக் கழுவி வெளிறிப் போயிருந்தாலும் தையல் அசையவில்லை. நூல் வீண் என்று இங்கே யாரும் அந்த இடத்தில் இரண்டு ஓட்டு ஓட்டுவதில்லை. நான் ஓட்டுவேன்.

“இத நான்தானே தச்சன்?” என்றேன்.

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தானாகவே நிகாபைத் தூக்கினாள்.

கதீஜா.

அது அவள் பெயர் இல்லை. பெயரை மாற்றியிருக்கிறேன். எங்கள் இருவருடைய ஊரின் பெயரையும் இந்த வாரம் எழுதப் போவதில்லை. அவள் இப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டாள். மகள் புருசனோடு தூர தேசத்தில் இருக்கிறாள். அதனால்தான் இப்போதாவது எழுதத் துணிகிறேன். போன வாரம் என் முதல் தையல் மெஷினைப் பற்றி எழுதியதற்கே, அந்த மெஷினை விற்றவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக மூன்று பேர் ஃபோன் எடுத்தார்கள். இந்த முறை அந்த வேலை வேண்டாம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவள் வீடு. புருசன் லொறி ஓட்டியவர், நல்லாய் உழைத்தவர். அவர் இருந்த காலத்தில் நோன்பு வந்தால் எங்கள் வீட்டுக்கெல்லாம் அவளுடைய கஞ்சிதான் முதலில் வரும். இஞ்சி தூக்கலாக இருக்கும். வாசலுக்கு வந்து கேட்டவரை அவள் வெறுங்கையோடு அனுப்பி நான் கண்டதில்லை.

“நீயாகா?” என்றேன்.

“சத்தம் போடாத. வெளிய கேக்கும்.”

“என்னகா இது?”

“மகள்ட வீடு” என்றாள்.

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். நகையில் கூடக் குறைந்தால் பேசிச் சமாளிக்கலாம். வீடு இல்லையென்றால் நிக்காஹ் இல்லை. கதீஜாவின் புருசன் சுவர் எழுப்பி, ஓடும் போட்டுவிட்டுத்தான் மௌத்தானார். கதவும் ஜன்னலும் பாக்கி. அந்த வீட்டை நான் தினமும் கடந்து போயிருக்கிறேன். கதவு இருக்க வேண்டிய இடங்களில் தென்னங்கிடுகு சாத்தியிருப்பார்கள். மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது.

“சொந்தக்காரர்ட்டக் கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டா அண்டைக்கே மாப்பிள்ள வீட்டுக்குக் கத போயிரும். தாய் கையேந்துறா எண்டா யாரு அந்தப் புள்ளய எடுப்பாங்க?”

நான் எழும்பி, காசு வைக்கும் மேசை லாச்சிப் பக்கம் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தைப்பவள் கையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

“உன்ட கையால வேணா.”

“ஏன், நான் என்ன பிறத்தியாளா?”

“அதுதான் சொல்றன். பிறத்தியாள் தந்தா அல்லாஹ் தந்த மாதிரி. வாங்கிட்டு வந்துருவன், முடிஞ்சிது. நீ தந்தா அது நீ தந்ததுதான். உன்னக் காணக்குள்ள எல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். உனக்கும் வரும்.”

வெளியே மஜீது காக்கா தொண்டையைச் செருமினார்.

“நான் இனி அக்கரைப்பற்றுக்குப் போறன். இஞ்ச வரமாட்டன். நீ வெளிய வந்து என்ன ஏசி அனுப்பு. ஏசாட்டி அவர் விடமாட்டார்” என்றாள் கதீஜா. நிகாபை இறக்கிவிட்டுக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்து, “பொம்புளதான்” என்றேன்.

“எந்த ஊராம்?” என்றார் மஜீது காக்கா. கேள்வி தெரு முழுக்கப் பரவியிருந்தது என்று அப்போதுதான் கவனித்தேன்.

“வெளியூர். முன்னபின்ன கண்டதில்ல.”

“அப்ப ஏன் உங்கட கடைக்கு மட்டும் வாறல்ல?”

“நான் ஊர் கேக்கிற ஆளாம். அதுல பயமாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் பக்கம் திரும்பி, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம், ஆட்களைச் சந்தேகப்பட வைக்க வேண்டாம் என்று நன்றாகவே ஏசினேன். ஏசுவது எனக்குக் கைவந்த காரியம். மஜீது காக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. “பாவம் றாத்தா, விடுங்க” என்று தன் கடை டின்னை எடுத்து வந்து ஒரு பிடி அள்ளி அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கடல் வந்த பிறகு

அன்று முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள், என் காசு அவளுக்கு ஆகாதாம். மஜீது காக்காவின் ஆணி விற்ற காசு ஆகுமாம்.

பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. சுனாமியாகக் கடல் வந்த அந்த மார்கழியில் எங்கள் உம்மாவின் வீடு போய்விட்டது. நாங்கள் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எங்கிருந்தோ லொறிகள் வந்தன. சோற்றுப் பார்சல் தந்தவர்கள் பேசியது சிங்களம், எனக்குப் பாதிதான் விளங்கியது. அவர்கள் எங்களிடம் ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஊரிலேயே பெரிய அரிசி மில்காரர். பார்சலில் பருப்புக் கறி ஊறி, கடதாசி கையோடு ஒட்டியது. எல்லாரும் வாங்கித் தின்றோம்.

பழைய உடுப்பு மூட்டையும் வந்தது. யாரோ ஒரு சிங்களப் பெண்ணின் சட்டையை நான் மூன்று மாதம் உடுத்தேன். இடுப்பில் பிடித்துத் தைத்தேன், கழுத்தைத் தைத்து மூடினேன். அது எனக்குக் கடுகளவும் கூச்சமாக இருக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊரிலிருந்து என்னோடு படித்த ஒருத்தி ஒரு புதுச் சட்டை கொண்டுவந்து தந்தாள், நல்ல மனதோடுதான் தந்தாள். அதை நான் ஒரு நாளும் உடுக்கவில்லை. அவளை ரோட்டில் கண்டால் வேறு ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன்.

கதீஜா சொன்னது எனக்கு விளங்கியது. கோபம் மட்டும் போகவில்லை.

ஒற்றைத் தையல்

சில மாதம் போயிற்று. கிடுகு அப்படியே இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீடு முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போவதாக மாப்பிள்ளையின் உம்மா சொல்லியிருக்கிறாராம். ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கதீஜாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நான் அபாயா உடுப்பேன், முகம் மூடுவதில்லை. மிச்சத் துணியில் எனக்கு அபாயாவும் நிகாபுமாக ஒரு சோடி தைத்தேன். கைவிளிம்பில் வேண்டுமென்றே ஒற்றைத் தையல் போட்டேன், அதுவும் வளைந்து வளைந்து, இப்போதுதான் தையல் பழகுகிற பிள்ளை தைத்தது போல. தைக்கும்போது கை கூசியது. துணி பார்க்கப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். அட்டாளைச்சேனை வந்ததும் முகத்தை மூடிக்கொண்டேன்.

இத்தனை வருசம் விற்ற சாமானை அன்றுதான் முதன்முதலாக நெடுநேரம் முகத்தில் வைத்திருந்தேன். விட்ட மூச்சு சூடாகி என்னிடமே திரும்பி வந்தது. துணி தடிப்பு. என்னிடம் வாங்கியவர்கள் ஒருத்தியும் இதைச் சொன்னதில்லை.

கடைத்தெருவில் ஒரு ஃபோன் கடையின் நிழலில் நின்று கதீஜாவைத் தேடினேன். கறுப்பு உடுத்தவர்கள் பலர் போனார்கள் வந்தார்கள். வெயில் ஏறியது. கடைக்குள் இருந்து ஓர் இளந்தாரிப் பையன் எழும்பி வந்தான்.

“எந்த ஊர் உம்மா?”

என்னிடம்தான் கேட்டான். அவன் விரலுக்கு நடுவில் ஒரு குற்றி இருந்தது.

நான் உம்மாவும் இல்லை, பிச்சைக்காரியும் இல்லை, கல்முனை பஸாரில் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் எந்த ஊரும் வரவில்லை. அவன் உள்ளே திரும்பி, “வாய் பேசமாட்டா போல. பாவம்” என்றான். இன்னொரு குற்றியையும் சேர்த்து நீட்டினான். இனி நான் பேசினால் ஊமை பேசிவிட்டதென்று கூட்டம் கூடும். கையை நீட்டி வாங்கினேன்.

எனக்கு அழுகை வந்தது, அவனை அறையவும் வேண்டும் போலிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. கொடுத்தபோது என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலால் ரோட்டைப் பார்த்தான், அவ்வளவுதான். டின்னுக்குள் கை விடும்போது நானும் எங்கேயாவது பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அப்போதுதான் அந்த இரட்டைத் தையல் வந்தது. கடை கடையாக ஏறி இறங்கி, என் பக்கத்துப் படிக்கு வந்து நின்றது. நான் போய், கைலேஞ்சியில் கட்டி வைத்திருந்த காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அந்த இரண்டு குற்றியையும் அதன்மேல் வைத்தேன். அவள் பெயரில் வாங்கியது அவளுக்குத்தானே சேர வேண்டும்.

பொட்டலத்தின் பாரம் தெரிந்ததும் கதீஜா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நான் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டேன். அவள் என் கைவிளிம்பைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

“எந்த ஊர் உம்மா?” என்றாள்.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பொட்டலத்தைச் சீலைப் பைக்குள் வைத்தாள்.

“சரி. தெரியாமயே இரிக்கட்டும். அல்லாஹ் உங்களுக்குப் பறக்கத் செய்வான்” என்றாள்.

கதவு

நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே நடந்தது. கல்யாண வீட்டில் பெண்கள் எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். புதுப் பலகையும் வார்னிஷும் மணத்தன. ஜன்னல்கள் சுமார்தான், கதவு நல்ல கதவு. மாப்பிள்ளையின் உம்மா அதை இரண்டு தரம் சாத்தித் திறந்து பார்த்தார். நான் கிட்டத்தான் நின்றேன்.

“நல்ல பலக. ஆரு எடுத்துத் தந்த?” என்று கேட்டார்.

கதீஜா சோற்றுத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் கதவின் பூட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

“அல்லாஹ் தந்தான்” என்றாள்.

என் பக்கம் பார்க்கவில்லை. தட்டை என் கையில் தந்தாள், “வெக்கப்படாம தின்னுகா” என்றாள், மேலே இன்னும் ஒரு துண்டு இறைச்சி வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். நான் வயிறு நிறையத் தின்றேன்.